ஏலக்கா என்றொரு அங்கோரா

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து டாக்டர் நந்தினி போன் செய்தார். செல்லப் பிராணிகளுக்கென்று தனியாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். கல்லூரியில் படித்தபோது எங்கள் அரசு கால்நடைப் பண்ணைக்குப் பயிற்சிக்கு வந்த பெண்.

"வசந்தாம்மா, அங்கோரா முயல் ஒண்ணு வந்திருக்கு. ஏசி ரூம்ல வளக்குறாங்க. உடம்பு முழுக்க முடி சிக்கு விழுந்து பாய் மாதிரி கிடக்கு. இங்க யாருக்கும் கத்தரி வைக்கக் கை வரல. ஒரு தடவை வந்து காட்டுங்களேன்."

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கை மறந்திருக்குமோ என்று பயந்துகொண்டுதான் போனேன். மறக்கவில்லை. வேலை முடிந்து டீ குடிக்கும்போது அங்கே வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "இந்த வெயில் ஊர்ல அங்கோராவை எங்கம்மா பழகுனீங்க?" என்று கேட்டார்கள். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். எங்கள் தெருவில் அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான். கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் என்று வேலை. மூன்று வருடம் மாட்டுத் தொழுவத்தில் இருந்தேன். பிறகு முயல் பிரிவுக்கு மாற்றினார்கள். வீட்டில் போய்ச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார்.

"அறுப்பு முடிஞ்ச வயல்ல நாங்க சும்மா புடிச்ச முயலுக்கு, அரசாங்கம் ஆள் வச்சுச் சம்பளம் குடுக்குதா?"

கொடைக்கானல் மலைமேல் இருந்த ஒரு பண்ணைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பின்புறத்தைத் தாங்கித்தான் தூக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்து, ஆண் பெண் பார்ப்பது, இணை சேர்ப்பது, வயிற்றைத் தொட்டுச் சினை அறிவது, அங்கோராவுக்கு முடி வெட்டுவது வரை எல்லாம் அங்கே கற்றதுதான். திரும்பி வரும்போது என்னோடு ஒரு வேனில் ஆறு அங்கோராக்களும் வந்தன. டெல்டா வெயிலில் அவை தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க மேலிடத்தில் யாரோ ஆசைப்பட்டிருந்தார்கள்.

முயல் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் பஷீர். உயரமான மனிதர். தலையில் ஒரு முடி கிடையாது. யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார், கூட்டுகிற அம்மாவைக்கூட. முதல் நாள் கொட்டகை வாசலுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறக்காமல் நின்றார். உள்ளே பார்த்து, "வர்றோம்ப்பா" என்று மெதுவாகச் சொன்னார். கொஞ்சம் பொறுத்துத்தான் தாழ்ப்பாளைத் தொட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சிரிங்க, பரவாயில்ல. ஆனா நாளைலேருந்து நீங்களும் சொல்லிட்டுத்தான் வரணும். நாம திடீர்னு உள்ள போனா இதுங்களுக்கு நாமளும் நாயும் ஒண்ணுதான். பயந்து ஒரு உதை உதைச்சா முதுகெலும்பு ஒடிஞ்சுரும். பெட்டியில குட்டி இருந்தா மிதிபட்டுச் சாகும். நம்ம குரல் முன்னாடி போகணும், நாம பின்னாடி போகணும்."

பணியில் இருந்த கடைசி நாள் வரை நான் சொல்லாமல் கொட்டகைக்குள் நுழைந்ததில்லை.

அங்கோராக்கள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முயலுக்கு வேர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியே தள்ள வேண்டும். கம்பளி போர்த்திய உடம்பில் காது மட்டும் என்ன செய்யும்? சித்திரை வைகாசியில் மண்பானைகளைப் படுக்கவைத்துச் சுற்றிலும் ஈர மணல் கொட்டி, பானைக்குள் போய் உட்காரப் பழக்கினோம். ஈரச்சாக்கு கட்டிப் பார்த்தோம். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் அது புழுக்கத்தைத்தான் கூட்டியது. முடியை ஒட்ட வெட்டிவிட்டால் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தன. பெட்டைகள் தாங்கின. கடுவன்கள் கோடை முழுக்க இணை சேர்ந்தும் ஒரு பெட்டைகூடச் சினை பிடிக்கவில்லை.

இதற்கு நடுவில் தஞ்சாவூரில் ஒரு கால்நடைக் கண்காட்சி வந்தது. எங்கள் அரங்கில் முழு முடியோடு ஒரு அங்கோரா கட்டாயம் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்காகவே 'ராணி' என்ற பெட்டைக்கு இரண்டு மாதம் கத்தரி வைக்காமல் தினமும் சீவிவிட்டேன். சீவுவதை விட ஊதுவதுதான் அதிகம். வாயால் ஊதினால் முடி பூப்போலப் பிரியும். அடியில் தோல் தெரிந்தால் சிக்கில்லை என்று அர்த்தம். அன்றைக்குக் காலையில் ராணியை மேசைமேல் வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. முகம் எது, வால் எது என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

வெயில் ஏற ஏற ராணியின் மூக்கு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து காதைத் தொட்டுப் பார்த்தார். உடனே கூடையில் எடுத்து வைத்து, டிரைவரிடம் கொடுத்து, பண்ணைக்கு அனுப்பிவிட்டார். மேசைமேல் காலிக் கூண்டும், வெட்டி வைத்திருந்த ரோமம் ஒரு தாம்பாளமும் மட்டும் இருந்தன. முக்கியப் பிரமுகரை அழைத்துக்கொண்டு எங்கள் மேலதிகாரி வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது.

"முயல் எங்க பஷீர்?"

"லீவுல போயிருக்கு சார்."

பிரமுகர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு டாக்டரைத் தனியே கூப்பிட்டு நெடுநேரம் திட்டினார். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். திரும்பி வந்து என்னிடம், "அந்த ரோமத்தை எல்லாரும் தொட்டுப் பாக்கட்டும்ங்க வசந்தா. தொட்டாலே புரியும், ஏன் லீவு குடுத்தோம்னு" என்றார்.

அடுத்த வருடமே அங்கோராக்களை மலைக்குத் திருப்பி அனுப்ப மேலிடத்துக்கு எழுதி உத்தரவு வாங்கினார். அதன் பிறகு எங்களிடம் இருந்தவை வெள்ளை முயல்களும் சாம்பல் முயல்களும்தான். அங்கோராவை இனி பார்க்கப்போவதில்லை என்றே நினைத்திருந்தேன்.

ஆவணி மாதம் ஒருநாள் காலை, மீன் கூடையோடு ஒரு பெண் பண்ணை வாசலில் வந்து நின்றாள். என்னை விடக் கொஞ்சம் வயது கம்மி. பேர் சிவகாமி. வேளாங்கண்ணிக்குப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கணவர் முருகையன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இவள் மீன் வாங்கி ஊர் ஊராகப் போய் விற்கிறவள். கூடைமேல் மூடியிருந்த துணியை விலக்கினாள். உள்ளே அழுக்குப் பஞ்சு மூட்டை மாதிரி ஏதோ கிடந்தது. இரண்டு காது நுனியும் ஒரு மூக்கும் தெரிந்ததால்தான் முயல் என்று கண்டுகொண்டேன். காது நுனியில் குஞ்சம் போல முடி. அங்கோராவேதான்.

"இது எப்படிம்மா உங்க கைக்கு வந்துச்சு?"

"ஏலத்துல எடுத்தேங்க்கா."

பக்கத்து ஊர் மாதா கோயிலுக்கு மலைப்பக்கத்திலிருந்து வேண்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பம் இதைக் காணிக்கையாக விட்டிருக்கிறது. ஆடு கோழியோடு இதையும் ஏலம் போட்டார்கள். சிவகாமி மீன் விற்றுவிட்டு அந்த வழியாக வந்தவள், சும்மா வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறாள்.

"பிரியாணிக்கடைக்காரரு ஒருத்தர் கேட்டாரு. இது கூண்டுக்குள்ள மூலையில முகத்தை வச்சுக்கிட்டு இருக்கு. யாரு வாய்லேருந்தோ சத்தம் வருதேன்னு பாத்தா, நாந்தான் ஏலம் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஏலத்துல எடுத்ததால ஏலக்கான்னு பேரு வச்சிருக்கேன். நாலு நாளா எதுவும் திங்க மாட்டேங்குதுக்கா. பேன் சீப்பு வச்சுச் சீவிப் பாத்தேன். கடிக்க வருது."

டாக்டர் பஷீர் வந்தார். கூடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, "தொடப்போறேன்ம்மா" என்றார். சிவகாமி அது தன்னிடம் சொன்னது என்று நினைத்து, "தொடுங்க டாக்டரு" என்றாள். அவர் முயலிடம்தான் சொன்னார்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர், என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். இரைப்பை பிசைந்த மாவைப் போலக் கெட்டியாக இருந்தது. அங்கோரா தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது முடியை விழுங்கிவிடும். பூனையைப் போல வாந்தி எடுத்து வெளியே தள்ள முயலால் முடியாது. நிறைய புல் தின்றால் முடி அதோடு சேர்ந்து வெளியே போகும். வெயிலிலும் பயத்திலும் தின்பது நின்றுபோனால், விழுங்கிய முடி இரைப்பையிலேயே அடைத்துக்கொள்ளும். பிறகு பசி எடுக்காது. பட்டினியிலேயே செத்துப்போகும்.

"இன்னும் பின்னாடி தொடுங்க வசந்தா" என்றார்.

இடுப்பெலும்புக்கு முன்னால் விரல்களை நகர்த்தினேன். நெல்லிக்காய் போல உருண்டையாக ஒன்று நழுவியது. அடுத்து இன்னொன்று. நான் டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

சினை முயல். காணிக்கையாக விடுவதற்கு முன்னால் மலையிலேயே இணை சேர்ந்திருக்க வேண்டும்.

டாக்டர் சிவகாமியை உட்காரச் சொன்னார். மறைக்காமல் பேசுவது அவர் வழக்கம்.

"அம்மா, இதுக்கு வயித்துல முடி அடைச்சிருக்கு. அதோட குட்டியும் இருக்கு. ஆபரேஷன் பண்ணா இந்த உடம்பு தாங்காது. மருந்து குடுத்து, கையால ஊட்டித்தான் பாக்கணும். ஆனா முதல்ல இந்த முடியை எடுக்கணும். முடி இருக்கிற வரைக்கும் சூடும் குறையாது, விழுங்குறதும் நிக்காது. வெட்டும்போது பயந்தா குட்டி கலைஞ்சாலும் கலைஞ்சுரும். வெட்டாம விட்டா தாயே போயிரும். உங்க முயல். நீங்க சொல்லுங்க."

சிவகாமி கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சொல்லணுமா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப தாயைப் பாருங்க டாக்டரு. குட்டிங்களோட முகத்தை நான் இன்னும் பாக்கல. இதோட முகத்தைப் பாத்துட்டேன்."

மேசையில் ஈரத்தைப் பிழிந்த சாக்கு விரித்தோம், வழுக்காமல் இருக்க. டாக்டர் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் கத்தரி எடுத்தேன். முனை மழுங்கிய வளைந்த கத்தரி அது.

நல்ல முடி என்றால் முதுகெலும்போடு வகிடு எடுத்து, வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டே வரலாம். இது சிக்கு. சிக்கைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடாரம் போல எழும்பி வரும். கத்தரி வைத்தால் தோல் அறுந்துவிடும். முயல் தோல் வெங்காயச் சருகு மாதிரி. அதனால் சிக்கை முதலில் நீளவாக்கில் கீற வேண்டும். கீறிய இடத்தில் சீப்பைத் தோலை ஒட்டி நுழைத்து, சீப்புக்கு மேலேதான் வெட்ட வேண்டும். சீப்புப் பல்லுக்கு மேலே தோல் இல்லை என்று நிச்சயம். வயிற்றுப் பக்கம் வரும்போது சீப்பும் போதாது. ஒவ்வொரு முலைக்காம்பையும் விரலால் தேடி, மூடிக்கொண்டு வெட்ட வேண்டும்.

நடுநடுவே டாக்டர், "நிறுத்துங்க" என்பார். மூக்கு துடிக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மூன்று பேரும் சும்மா நிற்போம். மூக்கு அடங்கியதும், "ம்" என்பார். மறுபடி எடுப்பேன். வயிற்றடியில் சிக்குக்குக் கீழே தோல் வெந்து புண்ணாகியிருந்தது. அங்கே வெட்டியபோது ஏலக்கா பல்லைக் கடித்தது. வலியில் முயல் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். சிவகாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

முடித்தபோது மேசைமேல் இருந்தது கொட்டகையின் மற்ற முயல்களில் பாதியளவு உடம்புதான். சிவகாமி உள்ளே வந்து பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா இது?"

தோலுக்கடியில் ஊசியில் நீர் ஏற்றினோம். குடலை வழுக்கவைக்கும் பாரபின் எண்ணெயை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டோம். தீவனத்தைக் கரைத்து அதே மாதிரி ஊட்டினேன். வயிற்றை மெல்ல நீவிவிட்டுத் தரையில் விட்டு நடக்கவைத்தேன். எப்போதும் முன்னால் ஒரு கைப்பிடி அருகம்புல் கிடக்கும். திரும்பிக்கூடப் பார்க்காது.

சிவகாமி காலையில் கரைக்கு வந்த மீனை விற்றுமுடித்துவிட்டு, முடிந்த நாளெல்லாம் வருவாள். பம்பில் கைகால் முகம் கழுவி, மீன் வாடை போகிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொட்டகைப் பக்கம் வருவாள். ஒருநாள் நான் கூண்டுக்கடியில் தட்டைப் பார்த்துவிட்டுக் கத்திவிட்டேன். புழுக்கைகள் பாசிமணி கோத்த மாதிரி ஒன்றோடொன்று முடியில் கோத்துக்கொண்டு கிடந்தன. அடைப்பு விட்டுவிட்டது. டாக்டர் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அலுவலகம் வரை போய் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார். மறுநாள் ஏலக்கா அருகம்புல்லை ஒரு முனையிலிருந்து கடித்துக்கொண்டே உள்ளே இழுத்துக்கொண்டதை நானும் சிவகாமியும் நின்று பார்த்தோம்.

குட்டிகளும் கலையவில்லை. ஆனால் நாங்கள் யாருமே யோசிக்காத ஒன்று நடந்தது.

ஈனும் நாள் நெருங்கினால் முயல் தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கி, குட்டி போட வைத்திருக்கும் பெட்டியில் மெத்தை போடும். ஏலக்காவுக்குப் பிடுங்க முடி ஏது? நாங்கள்தான் மழித்துவிட்டோமே. வயிற்றில் வாயை வைத்து இழுத்து இழுத்துப் பார்க்கும். ஒன்றும் வராது. வெறும் வாயோடு பெட்டிக்கு ஓடும், எதையோ வைப்பது போல மூக்கால் அழுத்தும், திரும்பி வரும். மறுபடி இழுக்கும்.

"என்னக்கா பண்ணுது?" என்றாள் சிவகாமி.

சொன்னேன்.

"வீடு கட்டப் பாக்குது, சாமான் இல்ல" என்றாள்.

வெட்டிய ரோமத்தைப் போட முடியாது. அழுக்கும் புண் நீரும் பட்டது என்பது ஒரு காரணம். சுத்தமாக இருந்தாலும் போட மாட்டோம். அங்கோரா முடி நீளம், உறுதி. கண் திறக்காத குட்டி அதில் நெளியும்போது கழுத்திலோ காலிலோ சுற்றிக்கொண்டால் இறுகிவிடும். ராணியின் முதல் ஈற்றில் ஒரு குட்டியை அப்படித்தான் இழந்தோம். அன்றிலிருந்து அங்கோரா பெட்டியில் தாய் போட்ட முடியைக்கூட விரல் நீளத்துக்குக் கத்தரித்துத்தான் வைப்போம்.

அடுத்த தடவை சிவகாமி வரும்போது அவள் கையில் ஒரு தலையணை இருந்தது. தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே இலவம்பஞ்சு.

"இது ஆகுமா டாக்டரு?"

டாக்டர் ஒரு துளி பஞ்சை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே இழுத்தார். சட்டென்று அறுந்தது. இன்னும் ஒரு தடவை இழுத்தார். முகம் மலர்ந்தது. "குட்டை இழை. சுத்தாதுங்க. வெயில்ல நல்லா காயவச்சு, தூசி தட்டிப் போடுங்க" என்றார். பிறகு, "யாரோட தலையணைம்மா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரோடது. கடல்ல இருக்காரு. வந்து கேட்டா, சொல்லிக்கலாம்."

ஏலக்கா பஞ்சை முகர்ந்து பார்த்தது. ஒரு வாய் கவ்விப் பெட்டிக்குள் கொண்டுபோனது. அதன் பிறகு அது நிற்கவே இல்லை.

ஒருநாள் விடிந்து நான் வேலைக்கு வந்து, "வர்றோம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனபோது பெட்டியில் பஞ்சு தானாக அசைந்துகொண்டிருந்தது. நான்கு குட்டிகள். இரண்டு இறந்து பிறந்திருந்தன. இரண்டு உயிரோடு இருந்தன. ஆனால் வயிறு சுருங்கியிருந்தது. பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டையாக, பளபளப்பாக இருக்கும். ஏலக்காவுக்குப் பால் இல்லை. அத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்பு.

முந்தின நாள் ஈன்றிருந்த ஒரு வெள்ளை முயல் இருந்தது. அதைச் சற்று நேரம் வெளியே எடுத்துவிட்டு, அதன் பெட்டி முடியால் இந்த இரண்டு குட்டிகளையும் நன்றாகத் தேய்த்தேன், அந்த வாசனை ஏற. பிறகு அதன் குட்டிகளுக்கு அடியில் புதைத்து வைத்தேன். வெள்ளை முயல் திரும்பி வந்து பெட்டியை முகர்ந்தது. டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "பாக்காதீங்க, பாக்காதீங்க, வந்துருங்க" என்று கிசுகிசுத்தார். வெளியே வந்து இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம். போய்ப் பார்த்தபோது எல்லாக் குட்டியின் வயிறும் உருண்டையாக இருந்தது. எது யாருடையது என்று முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஏலக்கா தேறியது. மேலே பனி பெய்த மாதிரி புது முடி எட்டிப்பார்த்தது. சிவகாமி கேட்க ஆரம்பித்தாள்.

"எப்ப டாக்டரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. அவளுக்கு எப்படிச் சொல்வது? முடி மறுபடி வளரும். மறுபடி வெயில் வரும். டாக்டர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"உங்க வீட்டை ஒருநாள் வந்து பாக்கலாமாம்மா?" என்றார்.

புரட்டாசி வெயில் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரும் நானும் போய் இறங்கியபோது உச்சி சாயவில்லை. கடலிலிருந்து காற்று எழும் நேரமும் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு அறை வீடு. முருகையன் அன்று கரையில் இருந்தார். உள்ளே, சுவரோரம் ஒரு கூண்டு. பழைய படகுப் பலகையை இழைத்துச் செய்தது. அடியில் புழுக்கை விழத் தட்டு, பக்கத்தில் வலை, மூடிக்குப் பித்தளைக் கீல். ஓரங்களில் கை கிழியாதபடி தேய்த்திருந்தார்.

"தொழிலுக்குப் போகாத நாள்ல செஞ்சதுங்க" என்றார் முருகையன். "தலையணைதான் போச்சு. கூண்டாவது சரியா இருக்கட்டும்னு."

டாக்டர் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கீலைத் திறந்து மூடிப் பார்த்தார். பலகைப் பொருத்தங்களைத் தடவினார். "எங்க பண்ணையில ஒரு கூண்டுகூட இப்படி இல்லீங்க" என்றார். அது முகத்துக்காகச் சொன்னதல்ல. எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வேர்வை அவர் தலை உச்சியிலிருந்து இறங்கி, புருவத்தில் நின்று, சட்டையில் சொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சிவகாமி விசிறியை எடுத்து அவருக்கு வீசினாள். வீசிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"டாக்டரு, தலையில ஒரு முடிகூட இல்ல, உங்களுக்கே இப்படி ஊத்துதே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முருகையனும் சிரித்தார். சிவகாமி மட்டும் சிரிக்கவில்லை. விசிறி நின்றுவிட்டது.

"அதுக்கு வேர்க்குமா?"

"வேர்க்காதும்மா. முயலுக்கு அந்த வழி இல்ல."

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். கொஞ்ச நேரம் வரவில்லை. முருகையன் எழுந்து போகப் பார்த்தார். டாக்டர், "விடுங்க, வரட்டும்" என்றார். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவள், நிலைப்படியிலேயே நின்று கேட்டாள்.

"எங்க அனுப்பணும்?"

"மலைக்கு. அது வந்த இடத்துக்கு. எங்க வசந்தா படிச்ச பண்ணை இருக்கு. குட்டிங்க கொஞ்சம் பெருசானதும் மூணையும் சேத்தே அனுப்பலாம்."

"நானும் போவேன். யாரு கையில குடுக்குறோம்னு நான் பாக்கணும்."

"உங்க முயல். நீங்கதான் குடுக்கணும்" என்றார் டாக்டர்.

கார்த்திகை முடியும்போது எங்கள் ஜீப் மலைக்குப் போகிற வேலை ஒன்று வந்தது. படகுப் பலகைக் கூண்டையே பின்னால் ஏற்றினோம். ஏலக்காவும் இரண்டு குட்டிகளும் அதற்குள். பக்கத்திலேயே சிவகாமி. மலைப்பாதை ஏற ஏற அவள் முந்தானையைத் தலையோடு சுற்றிக்கொண்டாள். பிறகு என் ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். "என்னக்கா, ஐஸ்பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. இங்கல்லாம் மனுஷங்க இருக்காங்களா?" என்று பல் தந்தியடிக்கக் கேட்டாள்.

பண்ணையில் முயல்களைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பெரியவர். சிவகாமி அவரை உட்காரவைத்துக்கொண்டு, ஏலக்காவுக்கு எந்தப் புல் பிடிக்கும், எந்தப் பக்கத்துக் காதைத் தொட்டால் பிடிக்காது, வயிற்றில் எந்த இடத்தில் புண் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா" என்றார். அன்றைக்கு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். புல்மேல் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் போன சிவகாமி என் கையை இறுகப் பிடித்தாள்.

"அக்கா! செத்துப்போச்சா?"

ஏலக்கா ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. நான்கு காலும் நீண்டு, வெள்ளை வயிறு தெரிந்தது. கண் பாதி மூடியிருந்தது. எங்களோடு இருந்த அத்தனை நாளும் அது அப்படிப் படுத்ததே இல்லை. எப்போதும் காலை அடியில் மடக்கிக்கொண்டு, முதுகைக் குவித்து, எந்த நேரமும் ஓடத் தயாராக இருப்பது போலத்தான் உட்கார்ந்திருக்கும். குனிந்து பார்த்தேன். விலா மெல்ல ஏறி இறங்கியது. மூக்கு எப்போதாவது ஒருமுறை அசைந்தது.

"தூங்குது சிவகாமி" என்றேன். "பயம் விட்டுப்போனாத்தான் முயல் வயித்தைக் காட்டிப் படுக்கும்."

அவள் கூண்டுக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். வலைக்குள் நுழைக்க நீட்டிய விரலைப் பாதியில் நிறுத்தினாள். உள்ளே குட்டிகள் இரண்டும் தாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. பெரியவர் புல்கட்டோடு வந்து, "எழுப்பட்டுமாம்மா? ஒரு தடவை கையில வாங்கிட்டுப் போங்களேன்" என்றார்.

"வேணாம்ங்க" என்றாள் சிவகாமி. நீட்டிய விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். "தூங்கட்டும். நாங்க சத்தமில்லாம கிளம்பிக்கிறோம்."